பூஜ்ஜியத்தில் நின்ற கால்

"சுமிரே அக்கா நடுவுல வர்ற இடத்தை இன்னொரு தடவ போடுங்க," என்று இட்சுகா நச்சரிக்கிறாள். பயிற்சி அறையின் கண்ணாடிச் சுவரில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஜப்பானியப் பாட்டு-நடனக் குழுவின் ஒன்பது பெண்களும் ஒரே மடிக்கணினியை மொய்த்துக்கொண்டு தங்கள் புதுப் பாட்டின் வீடியோவைப் பார்க்கிறார்கள். மடியிலிருக்கும் சோற்றுருண்டைப் பொட்டலத்தை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. யார் எங்கே நிற்பது என்று காட்ட ஆடும் தரையில் எண்கள் ஒட்டியிருக்கும், நட்டநடுவில் முதன்மை ஆட்டக்காரிக்குப் பூஜ்ஜியம். ஆறு பாட்டுகளுக்கு அங்கே நின்றவள் சுமிரே. இந்தப் பாட்டில் அந்த இடம் பதினேழு வயது இட்சுகாவுக்கு. சுமிரேவுக்கு ஓரமாக இரண்டாம் எண். திரையில் கடைசிப் பல்லவி. எல்லோரும் சுழல்கிறார்கள். சுமிரேவின் கால் பூஜ்ஜியத்தில் போய் நிற்கிறது. இட்சுகா சட்டென்று வழிவிட்டு, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து சிரிக்கிறாள். பழக்கதோஷம் என்றுதான் படப்பிடிப்பு அன்று சுமிரே எல்லோரிடமும் சொன்னாள்.

"தப்பே அழகா இருக்குன்னு டைரக்டர் வெச்சுட்டார்," என்கிறார் மேனேஜர் குவாஹரா. "மேடையிலயும் இப்படியே ஆடிடலாமா, சுமிரே?"

"அவ காலுக்கு இன்னும் பதவி போன சேதி போய்ச் சேரல சார்," என்கிறாள் பக்கத்திலிருக்கும் மினோரி. அறையே சிரிக்கிறது.

"நான் விலகிக்கிறேன்க்கா. நெஜமாவே எனக்கு ஒண்ணுமில்ல," என்கிறாள் இட்சுகா. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. அதுதான் சுமிரேவுக்கு எரிகிறது. திரையில் பூஜ்ஜியத்தில் நிற்பது தான்தான். ஆனால் அவள் கண்ணே தன்னை விட்டுவிட்டு, பின்னாலிருக்கும் அந்தச் சிரிப்புக்குப் போகிறது. குவாஹரா பதிலுக்குக் காத்திருக்கிறார். சுமிரேவின் இடத்தில் நீங்கள் இருந்தால் சரி என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா?