கெட்டி ஆயில்

“ஓட்டவா, விக்கவா?” என்றார் கடைக்காரர்.

எனக்குப் புரியவில்லை. எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரிக்கு எஞ்சின் ஆயில் வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன்.

“ஓட்டத்தான்.”

“அப்ப டிரைவரை வரச் சொல்லுங்கம்மா.”

“நான்தான் டிரைவர்.”

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால்வரை வர அதிக நேரம் ஆகவில்லை. நான் குள்ளம்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மெக்கானிக்கல். என்னிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டியிருக்கும்போதெல்லாம் அதை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டை அண்ணன் பேருக்கு எழுதும் பேச்சு வந்தபோதும் சொன்னார்கள். உனக்குத்தான் படிப்பு இருக்கே, அவனுக்கு என்ன இருக்கு?

வீட்டில் பங்கு வேண்டாம் என்று முந்தாநாள் கையெழுத்துப் போட்டேன். பதிலுக்கு அப்பாவின் லாரி.

யாரும் திணிக்கவில்லை, நானாகக் கேட்டுத்தான் வாங்கினேன். படித்த படிப்புக்கு வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்கள். லாரியில் ரிசப்ஷன் கிடையாது. திங்கட்கிழமை முதல் செங்கல் லோடு. பேசி முடித்தாயிற்று. இந்த எஞ்சின் ஓடினால்தான் எனக்குச் சோறு.

அண்ணன் சாவியைத் தூக்கிப் போட்டான். அப்பா மட்டும் மேலே ஏறி, டிரைவர் சீட்டில் முதுகுக்கு ஒரு குஷன் வைத்துக் கொடுத்தார். நீல நிறம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுசு.

“சாஞ்சு உக்காந்தா உனக்குக் கிளட்ச் எட்டாதேடா,” என்றார்.

கையெழுத்துப் போடும்போது வராத அழுகை அப்போது வந்தது.

“பதினஞ்சு நாப்பது கிரேடு ஆயில் குடுங்க,” என்றேன் கடைக்காரரிடம். “வண்டியோட புத்தகத்துல அதான் போட்டிருக்கு.”

“புத்தகம் புது எஞ்சினுக்கு எழுதினதும்மா. எட்டு லட்சம்னா உள்ள எல்லாம் தேஞ்சிருக்கும். புகை எப்படி?”

“கிடையாது.”

“தட்டுற சத்தம்?”

“துளி இல்லை. காலைல கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது.”

பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா வைத்திருந்த வண்டி. நான் சோதித்துப் பார்க்கப் போன அன்றுகூட, மகள் காத்திருக்கக் கூடாது என்று முன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தார்.

கடைக்காரர் கவுண்டரில் கையூன்றி வெளியே நின்ற லாரியை எட்டிப் பார்த்தார். நம்பரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அட, இந்த வண்டியா! ஒருவழியா யார் தலையிலயோ கட்டிட்டாரா மனுஷன்!”

“யாரு?”

“பத்து நாள் முன்னாடி வந்தாரும்மா. எஞ்சின் போச்சு, கை மாறுற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தா போதும்னாரு. இருக்கறதுலயே கெட்டியான ஆயிலைக் குடுத்தேன். புகை அடங்கிடும், சத்தமும் அடங்கிடும். காலைல முரண்டு மட்டும் பிடிக்கும்.” உதட்டைப் பிதுக்கினார். “வாங்குறப்ப விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம் நீங்க.”

விஷயம் தெரிந்த ஆளான நான் லாரியிடம் போனேன்.

ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். வாங்கும்போதும் உருவினேன். அளவு சரியாக இருந்தது, திரும்பச் செருகிவிட்டேன். விரலில் தேய்த்துப் பார்க்கவில்லை. அப்பா கொடுப்பதை யார் தேய்த்துப் பார்ப்பார்கள்?

இப்போது தேய்த்தேன். கறுப்பாக, பாகு மாதிரி இழுத்தது.

அண்ணன்தான். அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அதையே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

“வந்தது சின்ன வயசு ஆளா?”

“இல்லம்மா, பெரியவரு. மீசையெல்லாம் நரை.”

சரி. வேறு யாருக்கோ விற்க நினைத்திருப்பார். பத்து நாள் முன்னால் லாரி எனக்கு என்று முடிவாகியிருக்காது. முன்பின் தெரியாத எவனோ ஒருவனுக்காக வாங்கி ஊற்றிய ஆயில். பிறகு சொல்ல மறந்திருப்பார். வயதாகிவிட்டது.

“செங்கல் லோடு இழுக்குமா?” என்று கேட்டேன்.

“ஒரு மாசம் இழுக்கும். அப்புறம் ஏதாவது மேட்டுல நின்னுடும்.” என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது போல. “ஆனா சும்மா சொல்லக்கூடாதும்மா, ஈரம் உள்ள மனுஷன். ஓட்டப்போற ஆளு குள்ளம், கால் எட்டாதுன்னு, ஆயிலோட சேத்து முதுகுக்கு ஒரு குஷனும் வாங்கிட்டுப் போனாரு. நீலக் கலரு.”

விரலில் இருந்த ஆயிலைச் சுடிதாரில் துடைத்தேன். போகவில்லை.

“அதே கெட்டி ஆயில் இருக்கு,” என்றார், குரலைத் தாழ்த்தி. “நீங்களும் ஊத்தித் தள்ளி விட்டுடலாம். என்ன சொல்றீங்க, ஓட்டவா, விக்கவா?”

“பதினஞ்சு நாப்பதே குடுங்க. சத்தம் போட்டா போடட்டும்.”

கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினேன். குஷனை இழுத்துத் தெருவில் எறிந்தேன். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினேன்.

கிளட்ச் எட்டவில்லை.

இறங்கிப் போய், தூசியைத் தட்டி, எடுத்துக்கொண்டு வந்தேன்.