கெம்பம்மாவின் முதல் அடை

சூளகிரியில் முனிலட்சுமியின் கொட்டகையில், கெம்பம்மா என்ற சிவப்புக் கோழிக்கும் வெள்ளையம்மா என்ற வெள்ளாட்டுக்கும் ஆகவே ஆகாது. இரண்டாவது பொதுத் தேர்தல் நடந்த வருஷம் அது. ஊரில் கட்சிச் சண்டை ஓய்ந்த பிறகும் கொட்டகையில் ஓயவில்லை.

கெம்பம்மா மூலையில் ஒரு கூடையில் அடை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் அடை. உட்கார்ந்த அன்றிலிருந்தே, கூடைக்கும் சுவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டாள் வெள்ளையம்மா.

தள்ளிப் படுக்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஓயாமல் அசைபோடும் சத்தம். கிட்டே வந்தால் ஒரு வாடை. போதாததற்குக் கூடையிலிருந்த வைக்கோலை வேறு உருவித் தின்றாள். பொறுத்துப் பார்த்த கெம்பம்மா, ஒருநாள் ஆட்டின் காதில் ரத்தம் வருகிற மாதிரி கொத்திவிட்டாள். அப்போதும் வெள்ளையம்மா நகரவில்லை.

வழக்கு மாதப்பனிடம் போனது. மாதப்பன், மைசூர் எல்லையிலிருக்கும் ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கமிருந்து லாரி ஏறி வந்த நாய். கோபம் வந்தால் கன்னடத்தில்தான் குரைப்பான்.

"ஏம்மா வெள்ளையம்மா, இவ்ளோ பெரிய கொட்டகையில உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"எனக்கு இங்கதான் தூக்கம் வருது."

அவ்வளவுதான் பதில். மாதப்பன் கன்னடத்தில் தீர்ப்புச் சொன்னான். வார்த்தை யாருக்கும் சரியாகப் புரியவில்லை. மூஞ்சியை வாசல் பக்கம் ஆட்டியது புரிந்தது. வெள்ளையம்மா எழுந்து வாசலோரம் போய்ப் படுத்தாள். ஜெயித்துவிட்ட கெம்பம்மா அன்று பூராவும் கொக்கரித்தாள்.

மறுநாள் மத்தியானம். முனிலட்சுமி ரோடு போடும் வேலைக்குப் போயிருந்தாள். ஆடு படுத்திருந்த இடத்தில், சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தலை. கீரி.

கெம்பம்மா அலறிக்கொண்டு உத்தரத்துக்குப் பறந்துவிட்டாள். கீரி கூடையில் வாய் வைப்பதற்குள் வெள்ளையம்மா பாய்ந்து வந்தாள். ஒரே முட்டு. கீரி உருண்டு புரண்டு வந்த வழியே ஓடியது. வெள்ளையம்மா பழைய இடத்திலேயே, ஓட்டையை முதுகால் அடைத்தபடி படுத்துக்கொண்டாள்.

மாதப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கெம்பம்மா மெல்ல இறங்கி வந்து அடையில் உட்கார்ந்தாள். முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. வாடையும் இருந்தது, இப்போது அது அவளுக்கு வேண்டியிருந்தது.

குஞ்சுகள் பொரிந்ததும், அவற்றை முதலில் ஆட்டிடம்தான் கூட்டிவந்தாள்.

"அக்கா, இதுங்க உசுரு நீ குடுத்தது. ஓட்டை இருக்குன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைக் கொத்தியிருப்பேனா?"

வெள்ளையம்மா அசைபோடுவதை நிறுத்தினாள்.

"சொல்லியிருந்தா பயத்துல அடையை விட்டு எழுந்திருப்ப, முட்டை ஆறிப்போயிருக்கும். எம்மேல கோவமா இருந்தாத்தான் எடத்தை விட்டுக்குடுக்காம நீ உக்காந்திருப்பன்னு, வேணும்னேதான் உங்கிட்டச் சண்டை இழுத்தேன்."