தங்கக்கை போட்ட ஹோஸ்

"நான் முத்திரை குத்த மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அது அவளுக்குச் சுலபமாக இல்லை. திறந்து கிடந்த அந்தக் குட்டி விமானத்தின் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் ஸ்பேனரும் கையுமாக நின்றவன் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான்.

விமானக் கொட்டகையில் அவனுக்குத் 'தங்கக்கை' என்று பெயர். பன்னிரண்டு வருஷத்தில் அவன் மாட்டிய ஒரு ரப்பர் ஹோஸ்கூட ஒழுகியதில்லை. ஆனால் தங்கமே ஆனாலும் உரசிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! மெக்கானிக் முடித்த வேலையை இன்ஸ்பெக்டர் பார்த்து முத்திரை குத்தினால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பும். பழைய இன்ஸ்பெக்டர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆறு வருஷம் ஸ்டோரில் நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே படித்து, பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள் அவள். இந்த ஒரு இன்ஜினை ஒழுங்காகப் பார்த்துச் சொன்னால் முத்திரை அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி ஸ்டோர்தான்.

"புருஷன் வேலையைப் பொண்டாட்டி சோதிக்கிறதாம்! கண்ணை மூடிக்கிட்டு குத்திடுவா பாரு" என்று விமானங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பெயின்டர் காலையிலேயே சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை.

"அப்படி என்ன குறை கண்டுபிடிச்சீங்க இன்ஸ்பெக்டரம்மா?" என்றான் கணவன் நக்கலாக.

"இன்ஜினைக் குளிர வைக்கிற இந்தக் கூலன்ட் ஹோஸ், கொதிக்கிற எக்ஸாஸ்ட் புகைக்குழாயை ஒட்டிப் போகுது. மேல மாட்டின தீ தாங்கற உறை நாலு விரல் முன்னாடியே நின்னுடுச்சு."

"நாலு விரல்தானே?"

"நாலு விரல் மட்டும் வேகாதா? ஹோஸ் வெந்தா கூலன்ட் போயிடும். கூலன்ட் போனா இன்ஜின் போயிடும். மேகத்துல ஓரங்கட்டி நிறுத்திட்டு இறங்கிப் பார்க்க முடியுமா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே உறையைக் கழற்றினான். அவள் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டாள்.

"இங்க ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் நுனியிலேயே தொத்திக்கிட்டு நிக்குது. குழாயில இருக்கிற மேட்டைத் தாண்டி உள்ள உட்காரணும். அழுத்தம் ஏறினா ஹோஸ் உருவிக்கிட்டு வந்துடும்."

"வீட்டுல என் சமையல்ல குறை சொல்றது பத்தலையா உனக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கவாட்டு ஹோஸைத் தொட்டாள்.

"இது இன்ஜினைத் தாங்குற கம்பியில உரசுது. நடுவுல ஒரு சுத்து உறைகூட இல்ல. பத்து தடவை பறந்தா அறுந்துடும்."

ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் ஒரே காலையில் மூன்று தடவையா சறுக்கும்?

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கு என்ன கேடு? வேலையைப் பாரு."

பார்த்தாள். மேலே ஒரு ஹோஸ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடியது. அதுதான் தங்கக்கையின் அடையாளம். வந்துபோகிறவர்களுக்கெல்லாம் முதலாளி கூப்பிட்டுக் காட்டுவது அதைத்தான். அதை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"இதுவும் சரியில்லைங்க."

அவன் முகத்திலிருந்த நக்கல் சட்டென்று மறைந்தது. "இதா? இதுல என்ன குறை? எவ்வளவு நேரா இருக்கு!"

"நேரா இருக்கிறதுதான் குறை. ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் குலுங்கும். ஹோஸும் கூட ஆடணும். ஆட இதுல ஒரு விரல் தொய்வுகூட இல்ல. இழுத்து இழுத்து நுனி கிழிஞ்சிடும்."

"பன்னெண்டு வருஷமா இப்படித்தான் போடறேன். ஒண்ணு ஒழுகியிருக்கா?"

"அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு நான் முத்திரை குத்த முடியாது."

அவன் இரண்டு கையாலும் இன்ஜினைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஹோஸ் விறைத்து நின்றது. இன்னொரு தடவை ஆட்டினான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, பெயின்டர் பக்கம் திரும்பினான்.

"போன வாரம் நான் இதே மாதிரி ஹோஸ் போட்ட அந்த ரெண்டு பிளேனும் இன்னிக்கு வெளிய போக வேண்டாம்."

சரி, முதலாளி பெருமையாகக் காட்டுகிற ஹோஸையே குறை சொல்லியாச்சு, முத்திரையும் போச்சு, வீட்டு நிம்மதியும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள் அவள். இருந்தாலும் தலை குனியவில்லை. பார்த்ததைச் சொன்னோம் என்கிற பெருமை நெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி இறங்கி வந்தார். வந்தவர் நேராக அவள் கையில் முத்திரையை வைத்தார்.

"இந்தாம்மா. கோவிச்சுக்காதே, வேணும்னே மூணு தப்பை ஒளிச்சு வைக்கச் சொன்னது நான்தான். ஊரார் வேலையில யார் வேணும்னாலும் குறை சொல்லலாம். கட்டின புருஷன் வேலையில உன்னால சொல்ல முடியுதான்னு பார்த்தேன்." அவன் பக்கம் திரும்பினார். "என்னப்பா, மூணையும் பிடிச்சுட்டாளா?"

"நாலு பிடிச்சா சார்."

"நாலா? மூணுதானே வைக்கச் சொன்னேன்?"

பெயின்டருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று, மனைவியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, பெருமை பொங்கச் சொன்னான் தங்கக்கை:

"மூணுதான் சார் வெச்சேன். நாலாவது என் சொந்தச் சரக்கு!"