நடு ஓடையில் எங்கள் அடுப்பு

நில அளவைத் துறை அதிகாரி ஐயா,

இன்று எங்கள் வீட்டில் நடந்த விசாரணையில் இருந்தவர்கள்: வாசல் நாற்காலியில் உங்கள் அளவையர் ரெஜினா, அடுப்படியில் என் மனைவி பொன்னுத்தாய், இடையில் நிலைப்படியில் நான். உங்கள் வரைபடத்தின்படி நானும் அவளும் உட்கார்ந்திருந்தது ஓடைக்குள்.

போன மாத வெள்ளம் பாறைகளை உருட்டிவந்து பழைய ஓடையை அடைத்தது. தண்ணீர் எங்கள் அடுப்படி வழியாகப் பாய்ந்து, பிறகு கொல்லைக்கு அப்பால் புதுத்தடம் வெட்டிக்கொண்டது. வெள்ளத்துக்கு வெள்ளம் தானாக மாறும் உங்கள் வரைபடம் அன்றே எங்கள் வீட்டை ஓடையாக்கிவிட்டது; அடுத்த வெள்ளம்வரை இனி அது மாறாதாம்.

“ஏம்மா, ஓடையிலயா உலை வச்சிருக்கேன்? சேலைகூட நனையலையே!” என்றாள் பொன்னுத்தாய்.

“தண்ணி போன இடமெல்லாம் ஓடைதாங்க. நீங்க காலி பண்ணணும். பதிலுக்குப் பழைய ஓடையில இடம் தர்றாங்க. இப்ப அது தரை.”

“தண்ணி திரும்பவும் அங்கயே வந்தா?”

“மேப் மாறிடுங்க.”

“நாங்க செத்த பிறகா?”

ஐயா, இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அடுத்த வெள்ளம் அந்தப் பாறைகளைப் புரட்டாது என்று கையெழுத்திட்டுத் தாருங்கள், நாளைக்கே கிளம்புகிறோம். அதுவரை நகரமாட்டோம்.

அனுப்புநர் முகவரிக்கு என்ன எழுதுவது என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். “நடு ஓடைன்னு எழுதுங்க. அவங்க மேப்புல நாம அங்கதான இருக்கோம்” என்றாள். அப்படியே எழுதி, உறையை ஒட்டி, உங்கள் அளவையரிடமே கொடுத்தனுப்புகிறேன்.