சக்கரத்துக்குத் தனி வாளி

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. உங்க நிழல் சக்கரத்து மேல விழுது" என்றபடி சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

மாட்டு டாக்டர் தள்ளி நின்றார். எந்த முரட்டுக் காளைக்கும் அசராத ஆள். இப்போது கையைக் கட்டிக்கொண்டார். கடைக்காரரின் ஒரே மகளை அவருக்குக் கட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்பது இந்த வாசலில், இந்த நான்கு அலாய் சக்கரங்களை வைத்துத்தான் முடிவாகப் போகிறது.

சிரிக்காதீர்கள். கடைக்காரர் அப்படித்தான். சம்பளம் கேட்க மாட்டார், படிப்பு கேட்க மாட்டார். வாழ்நாளெல்லாம் கண்ணாடி துடைத்த மனிதருக்குக் கீறல் என்றாலே குலை நடுங்கும். மகளைக் கேட்டு வந்த வக்கீல் ஒருவரைச் சக்கரத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியவர். "நடைபாதைக் கல்லுல உரசிட்டு அப்படியே விட்டிருக்கான். நாளைக்கு நம்ம பொண்ணு அழுதாலும் அப்படியேதான் விடுவான்" என்பது அவர் தீர்ப்பு.

மாட்டு டாக்டரோ மகளே தேடிக்கொண்டவர். அப்பா வேண்டாம் என்றால் அவள் மீற மாட்டாள். ஆனால் வேறு எவனுக்கும் கழுத்தை நீட்டவும் மாட்டாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"வண்டி நம்ம வண்டி மாதிரியே இருக்கே" என்றார் கடைக்காரர், குனிந்தபடி.

"அதே மாடல்தான்பா" என்று ஜன்னலுக்குள்ளிருந்து மகள் முந்திக்கொண்டாள்.

அவருடைய கார் பக்கத்துக் கொட்டகையில் தரைவரை உறை போட்டு நின்றது. கடைக்கு நடந்தே போவார். கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும், அதுவும் மழை இல்லாவிட்டால்.

"எப்படிக் கழுவுவீங்க?"

"ஓட்டிட்டு வந்த உடனே கழுவ மாட்டேன் சார். சக்கரம் ஆறணும். சூட்டுல சோப்புத் தண்ணி பட்டா கறை பிடிச்சுக்கும்." பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல் இருந்தது. ஜன்னலில் மகளின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"அப்புறம்?"

"முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ணைப் போக்கணும். மண்ணோட தேய்ச்சா நாமளே கீறல் போடற மாதிரி. சக்கரத்துக்குத் தனி வாளி, தனி ஸ்பாஞ்சு. அது வண்டி மேல படவே கூடாது."

"கம்பி நார்?"

"கேக்கவே கூசுது சார்."

கடைக்காரரின் மனைவி காபியோடு வந்தார். "ஏங்க, உள்ள வந்து பேசக் கூடாதா? சக்கரத்துக்கா பொண்ணு கொடுக்கப் போறோம்?"

"நீ சும்மா இரு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்." முன்சக்கரத்தின் கம்பிகளுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். "பிரேக் கரி படியற இடம் இது. தொழுவம் தொழுவமாப் போற வண்டி. ஒரு பொட்டுக் கரி இல்லையே."

"மெழுகு பூசிடறேன் சார். அப்புறம் கரி ஒட்டாது."

"எதுல பூசுவீங்க?"

இது பாடத்தில் இல்லை போலிருக்கிறது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். மூக்கில் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் மகள் சைகை காட்டினாள்.

"மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில சார்."

"அட. உலகத்துல நான் ஒருத்தன்தான் இப்படிச் செய்யறேன்னு நெனச்சேன்." கடைக்காரரின் பார்வை டாக்டரின் கைக்குப் போனது. "உள்ளங்கையில என்ன கொப்புளம்?"

"நேத்து ஒரு மாடு கயித்தை இழுத்துடுச்சு."

"பலமான மாடு போல."

பிறகு பூதக்கண்ணாடியை நட்டுகளிடம் கொண்டுபோனார். அங்கே வெகுநேரம் இருந்தார். காபியில் ஆடை படிந்தது.

"ஸ்பானர் போடற இடம். எப்பேர்ப்பட்டவனும் இங்கதான் கோட்டை விடுவான். இங்கயும் கீறல் இல்ல. எப்படி?"

"ஸ்பானருக்குள்ள மெல்லிசு துணி வெச்சுத் திருப்பினேன் சார். மெதுவா. கொஞ்சம் அவசரப்பட்டாலும் ஓரம் போயிடும்."

இதை மட்டும் அவர் ஒப்பிக்கவில்லை. மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இதை அவள் சொல்லித் தரவே இல்லை.

கடைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்குச் சம்மதம்."

மகள் வாசலுக்கு ஓடிவந்து, அப்பாவைக் கட்டிக்கொள்வதா டாக்டரைக் கட்டிக்கொள்வதா என்று குழம்பி, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். டாக்டருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சந்தோஷத்தில் அவர் கண்கூடக் கலங்கிவிட்டது.

கடைக்காரர் கொட்டகைப் பக்கம் நடந்தார். "வாங்க, நம்ம வண்டியையும் ஒரு பார்வை பாத்துடலாம்."

"இப்ப எதுக்கு உறையை எடுக்கறீங்க? தூசி விழும்னு நீங்கதானே சொல்வீங்க" என்று மனைவி குறுக்கே வந்தார்.

"அப்பா, காபி ஆறிப்போச்சு" என்றாள் மகள்.

"எனக்கு... ஒரு எருமை காத்துக்கிட்டு இருக்கு சார்" என்றார் டாக்டர். மூன்று பேரும் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

கடைக்காரர் மூன்று முகங்களையும் பார்த்தார். திரும்பி வந்து, ஆடையை ஒதுக்கிவிட்டுக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எருமை நிக்கட்டும் மாப்பிள்ளை. உறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற உங்க நாலு சக்கரத்தையும் எடுத்துக்கிட்டு, என்னோட நாலையும் கழட்டின மாதிரியே ஒரு கீறல் இல்லாம என் வண்டியில மாட்டிட்டுப் போங்க."