இருமும் டாக்சி

கம்பாலாவில், பல்கலைக்கழக வாசல் அச்சுக்கடையின் தகரக் கூரை வெயிலில் படக் படக்கென்கிறது. ஆசிரியர் சிவப்பில் வட்டமிட்டதையெல்லாம் நீக்கித் திருத்திய கட்டுரை, அச்சான சூடு ஆறாமல் மாணவி நன்சுபுகாவின் கையில் இருக்கிறது. வாசித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் அவளுக்கு என்னவோ போலிருக்கிறது. தட்டச்சு செய்த அக்கெல்லோ, முட்டை சுருட்டிய சப்பாத்தியை மென்றபடி கேட்கிறாள்: “ஏண்டி, உங்கப்பா டாக்சி இருமினா உங்கம்மா மருந்து தேடுவாங்கன்னு போன தடவை அடிச்சேனே, எங்க அது?” “சார் வேண்டாம்னுட்டாரு. இது நல்லாத்தானேக்கா இருக்கு?” “இருக்கு. யார் வீட்டு டாக்சின்னுதான் தெரியல.” நன்சுபுகா சார் வட்டமிட்ட பழைய தாளைக் கசக்குகிறாள். குப்பைக்கூடைவரை போன கை திரும்பி வந்து, மடியில் வைத்து அதை நீவுகிறது. சிவப்பு வட்டத்துக்குள் அப்பாவின் டாக்சி இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.