அளவெடுத்துத் தைத்த சிரிப்பு

உலகம் தோன்றிய நாளிலிருந்து இவ்வளவு ஒழுங்காக யாரும் காபி குடித்திருக்க மாட்டார்கள்.

கோப்பையைத் தூக்கினான். ஒரு வாய் குடித்தான். பூனை நடப்பது போல் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன் அவன். இந்தக் காபிக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்தவள் பல் டாக்டரிடம் உதவியாளர். கல்யாணத்துக்கு முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருதரம் தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று இரண்டு வீட்டிலும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

அக்கா அவன் காதைத் திருகாத குறையாகச் சொல்லியிருந்தாள்: "லிஃப்டைப் பத்தி வாயத் தொறந்தே, அதோட நான் உனக்கு அக்கா இல்லடா."

லிஃப்ட் என்றால் அவனுக்கு உயிர். கயிறு, கப்பி, கதவு மூடுகிற தினுசு என்று ஆரம்பித்தானானால் கேட்பவருக்கு நரை விழுந்துவிடும்.

டாக்டர் அவனுக்கு ஆட்டிசம் என்றும் சொன்னார், ஏ.டி.எச்.டி. என்றும் சொன்னார். அவனைக் கேட்டால், ஒரே மண்டைக்குள் இரண்டு குடித்தனம் என்பான். ஒருத்தன் செருப்பைக்கூட வரிசையாக அடுக்குவான். இன்னொருத்தன் அந்த வரிசையை உதைத்துத் தள்ளிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவான்.

இன்றைக்கு இரண்டு பேரையும் உள்ளே போட்டுப் பூட்டி, வாசலில் ஒரு சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கண்ணைப் பார்க்க முடியாததால் அவள் புருவ நடுவைப் பார்த்தான். அவள் பேசி முடித்ததும் ஒரு துளி பொறுத்து "அப்படியா!" என்றான். மூலையில் ஐஸ்கிரீம் பெட்டி உறுமிய உறுமல் மண்டையைக் குடைந்தாலும் சிரிப்பு, அளவெடுத்துத் தைத்தது போல் வந்தது. முதுகு வியர்வையில் ஒரு போகம் நெல் விளைவிக்கலாம்.

அவளோ மகாராணி. தலையசைப்பில் பிசகில்லை, குறுக்குப் பேச்சில்லை. இமை சிமிட்டியதுகூட மரியாதையாக இருந்தது.

அங்கேதான் அவனுக்கு இடித்தது. இவளைக் கட்டிக்கொண்டால் வீட்டிலும் இந்த முகத்தைக் கழற்ற முடியாது. தூக்கத்திலும் "அப்படியா!" சொல்ல வேண்டியதுதான்.

அவளை ரொம்பப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட வாயைத் திறந்தான்.

பதற்றத்தில் முழங்கை பட்டு ஸ்பூன் கீழே விழுந்தது.

மேசைக்கடியில் குனிந்தான்.

அங்கே மகாராணி ஷூவைக் கழற்றி எறிந்திருந்தாள். கால்கள் தையல் மிஷின் ஓட்டுவது போல் படபடத்துக்கொண்டிருந்தன. சாக்ஸ் இரண்டையும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தாள்.

வேறு யாராவது பார்த்தால் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். அவனுக்கு அது வேறு கதை. அக்கா கண்ணில் படாமல் அவனும் தினம் அப்படித்தான் போடுகிறான்.

"தையல் விரல்ல உறுத்துதுல்ல?" என்றான், கீழே இருந்தபடியே.

கால்கள் சட்டென்று நின்றன. போச்சு, அக்காவும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று அவன் ஸ்பூனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

மேசை விரிப்பு விலகியது. தலைகீழாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"அந்த ஐஸ்கிரீம் பெட்டி இந்த உறுமு உறுமுது, எனக்கு மண்டையே வெடிக்குது, நீங்க பாட்டுக்குச் சிரிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. இந்த மனுஷன்கூட எப்படிக் காலம் தள்றதுன்னு பயந்து, வேணாம்னு சொல்றதாத்தான் இருந்தேன்."